ஒரு பல் இடப்பக்கம்

ஜெலுத்தோங் அடுக்ககம், மூன்றாம் மாடிக் கார் நிறுத்தம்.
பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றித்
துணியில் சுற்றி வைத்தேன்
கடிக்கிற நாய்க்கு வாய் கட்டுவதுபோல்.

ஹார்ன் மூடியை நெம்பினால்
உள்ளே முப்பத்து நான்கு வருட இருட்டு,
காய்ந்த கிரீஸ்,
நடுவில் இருபத்தொன்று அளவில் ஒரு நட்டு.

"முழுசாக் கழட்டாதே, நந்தி ஹிடுங் பெச்சா" என்றான்
சாக்கெட் இரவல் தந்த பூன் ஹொக்.
அவன் மூக்கு ஏற்கெனவே ஒருமுறை உடைந்தது.
நாலு புரி விட்டுவைத்தேன்.

பாயான் லெப்பாஸில் தினம் எட்டு மணி நேரம்
குருணை அளவுத் திருகுகளை முறுக்குபவள் நான்.
எண் காட்டும் கருவி. இத்தனை விசை. கையெழுத்து.
இங்கே விசை என்பது
முழங்காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலுக்குவது.

வரவில்லை.
துரு எண்ணெய் பீய்ச்சினேன்.
வரவில்லை.
பூன் ஹொக் சிகரெட் பிடிக்கப் போனான்.
அவன் இல்லாத நேரம் பார்த்து
டொக்.
நாலு புரியில் வந்து நின்றது
என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன் பழைய ஸ்டியரிங்கை.
வலப்பக்கம், மூன்று மணி இருக்கும் இடத்தில்
ரப்பர் தேய்ந்து மீன் வயிறாய் மின்னியது.
இடப்பக்கம் புதுசு:
அந்தக் கை கியரிலேயே கிடந்திருக்கும்.
கீழே, ஆறு மணியில்,
நகம் பதிந்த நான்கு பிறைகள்.

கிராண்டில் உள்ள பெயர் ஓய் சூன் லியாங்.
பார்த்ததில்லை. வண்டியை விற்றது அவர் அக்காள் மகன்.
எந்தச் சிக்னலில்
எதற்காகக் காத்திருந்து
இப்படி அழுத்தினீர்கள், மிஸ்டர் ஓய்?

புதியது சின்னது, தோல் சுற்றியது,
சிவப்பு நூல் தையல்.
புக்கிட் மெர்தாஜாம் கடையில் முந்நூற்று நாற்பது வெள்ளி,
பாஸ் கிட் தனி.
நேர் பார்த்து மாட்டத் தங்கையின் நகப்பூச்சால்
தண்டில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
காயுமுன் எண்ணெய் பட்டு ஒழுகிவிட்டது.
கண்ணால் அளந்து மாட்டினேன்.
கண் ஒரு பல் பிசகியது.

இப்போது வண்டி நேராகப் போகிறது,
ஸ்டியரிங் சாய்ந்திருக்கிறது,
கழுத்துச் சுளுக்கியவன் கடைக்கு நடப்பதுபோல்.
விளிம்பு சரியாக
எழுபதுக்கும் நூறுக்கும் நடுவை மறைக்கிறது.
அறுபது தெரியும். நூற்றுப்பத்து தெரியும்.
மற்றதெல்லாம் நம்பிக்கை.

இதுகூடப் பரவாயில்லை.
இடப்பக்கம் ஒடித்தால் ஹார்ன் தானாக அலறுகிறது.
ரெலாவ் முச்சந்தியில்
பொட்டலச் சோறு மாட்டிய மோட்டார் சைக்கிள்காரர்
திரும்பி முறைத்தார்.
மன்னிப்புக்குக் கையெடுத்தேன்.
கையெடுத்ததும் வண்டி
தன் இஷ்டத்துக்கு நேராகப் போனது.

பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதை.
வளைவில் ஹார்ன் அடி என்று ஒரு பலகை.
இந்தத் தீவில்
அதற்குக் கீழ்ப்படியும் ஒரே வண்டி என்னுடையது,
இடப்பக்க வளைவுகளில் மட்டும்.

பழையது பக்கத்து இருக்கையில்.
முதல் வளைவிலேயே உருண்டதால்
பெல்ட் போட்டுவிட்டேன்.
எறிய முடியாது. சோதனைக்குப் போகும் நாளில்
அதை மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும்,
மாமியார் வரும் நாளில்
அவர் வாங்கித் தந்த சேலையைக் கட்டுவதுபோல்.

திரும்பி வரும்போது பாயா தெருபோங் சிக்னல். சிவப்பு.
நூற்றெண்பதிலிருந்து எண்கள் இறங்குகின்றன.
என் வலக்கை மூன்று மணியில் இருந்தது.
இடக்கை எப்போது கீழே வந்ததென்று தெரியவில்லை,
ஆறு மணியில், அழுத்தியபடி.
எடுத்துப் பார்த்தேன்.
தோலில் ஒன்றுமில்லை.
தொழிற்சாலை விதி: நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

பூன் ஹொக்கிடம் நாளைக்கும் சாக்கெட் கேட்க வேண்டும்.
ஒரு பல். அரைமணி வேலை.
ஹார்னுக்கு என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.

பச்சை.
இடப்பக்கம் திரும்பவேண்டும்.
முன்னால் நிற்கும் வேன்காரர்
இப்போதே கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.